அம்மாவின் முழங்காலும் ராமேஸ்வரம் ரோடும்

காரில் நெடுந்தூரம் போவதென்றால் வீட்டு ஆண்கள் முதலில் மேப்பைத்தான் விரிப்பார்கள். எத்தனை கிலோமீட்டர், எங்கே டோல்கேட், எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடுவார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இரண்டாவது கணக்கு. வண்டியில் வருகிறவர்களில் யாருக்கு உடம்பு முடியாதோ, அவரால் எவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியும்? அதுதான் முதல் கணக்கு. அதைப் போட நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார், சொல்லுங்கள்!

தாம்பரத்திலிருந்து கடலோரமாகவே ராமேஸ்வரம் தீவு வரை எங்கள் காரில் போய் வந்தோம். நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், என் அம்மா. பயணமே அம்மாவுக்காகத்தான்.

அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. இரண்டு முழங்காலும் தேய்மானம். என் தாத்தா ரயில்வேயில் இருந்தவர். தனுஷ்கோடியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1963-ல் தாம்பரத்துக்கு மாற்றலாகி வந்தார். அடுத்த வருஷமே, 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி, புயல் அந்த ஊரையே வாரிக்கொண்டு போய்விட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக்கூட அலை விடவில்லை. அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பெண் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. "ஒரு தடவை அந்த மண்ணை மிதிச்சுட்டு வந்துடணும்டி" என்று அம்மா சொல்லாத வருஷமில்லை.

"தாம்பரத்திலிருந்தே ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டிருக்காங்களே, பேசாம அதுல போயிடலாமே?" என்றார் என் கணவர். நியாயமான கேள்விதான். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது விட்ட ரயில் அது. ஆனால் அம்மா நீர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஆடுகிற ரயிலில் ராத்திரி நாலு தடவை எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் வர வேண்டும். கார் என்றால் நாம் சொன்ன இடத்தில் நிற்கும் அல்லவா?

இந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டவன் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன். குரோஷியா நாட்டில் வாடகைக் கார் எடுத்துக் கடலோரமாகவே சுற்றினானாம். "அத்தை, ஸ்ப்ளிட் ஊர்ல காரோடயே கப்பல்ல ஏறி ஹ்வார் தீவுல இறங்கினோம்!" என்றான். டுப்ரோவ்னிக் போகும் வழியில் முன்பெல்லாம் போஸ்னியா நாட்டுக்குள் கொஞ்ச தூரம் புகுந்து வர வேண்டியிருந்ததாம். 2022-ல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லையாம். கேட்டதும் எனக்கு நம் பாம்பன் ஞாபகம்தான் வந்தது. 1988-ல் சாலைப் பாலம் திறக்கும் வரை அந்தத் தீவுக்குக் காரை ஓட்டிப் போக வழியே கிடையாது. தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது 2017-ல்தான். அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அம்மாவின் முழங்கால் அதைத் தாங்கியிருக்குமா? ரோடு வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் அம்மாவுக்குத்தான் நாள் இல்லை.

முதலில் காலண்டர். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கடலோரத்தில் புயல், மழைக் காலம். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. அதனால் தை அமாவாசை கழிந்து ஒரு வாரம் விட்டுக் கிளம்பினோம்.

அடுத்தது டாக்டர். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, இறங்கி ஐந்து நிமிஷம் நடக்கச் சொன்னார். காரில் இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கால் வீங்கும், ரத்தம் உறைந்துபோகிற ஆபத்தும் உண்டு. நீர் மாத்திரையின் நேரத்தை அவரே மாற்றிக் கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது. டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களுக்கெல்லாம் உள்ள வழக்கம். அதுவும் ஆகாது, நீர்க்கடுப்பு வந்துவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள், உறைந்தால் கெட்டுவிடும். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று: குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் உட்காரவே வேண்டாம். பின் ஸீட்டில் அதற்கென்று உள்ள இருக்கைதான் பத்திரம்.

பிறகுதான் மேப்! மொத்தம் 550 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் ஓட்டுகிறவர்கள் உண்டு. நாங்கள் இரண்டு நாளாகப் பிரித்தோம். நானும் அவரும் மாற்றி மாற்றி ஓட்டுவது, இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று பேச்சு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். மாமல்லபுரத்தில் காபி, புதுச்சேரியில் கையில் கொண்டுபோன மிளகாய்ப்பொடி இட்லி, சிதம்பரத்தில் மதியச் சாப்பாடு. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை அம்மா காரிலிருந்தே பார்த்துக்கொண்டார். காரைக்கால், நாகப்பட்டினம் தாண்டி ராத்திரி வேளாங்கண்ணியில் தங்கல்.

தங்குமிடத்துக்குப் போன் செய்து நான் கேட்டது மூன்றே கேள்வி. தரைத்தளத்தில் ரூம் உண்டா? உட்காரும் டாய்லெட் உண்டா? ராத்திரி வாசல் கதவைத் திறக்க ஆள் உண்டா? ஏ.ஸி., டி.வி. பற்றி நான் கேட்கவே இல்லை.

மறுநாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம். ரோட்டோரம் உப்பளம், தென்னந்தோப்பு, கருவாட்டு வாசனை. ஆடு மாடுகள் தங்கள் வீட்டு முற்றம்போல் நடுரோட்டில் நிற்கும். அவசரப்படாமல் ஓட்ட வேண்டிய பாதை. மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். மகள் இறங்கிப் படம் எடுக்க வேண்டும் என்றாள். பஸ்ஸும் லாரியும் போகிற பாலம், வேண்டாம் என்று மெதுவாகவே கடந்தோம். அம்மா மட்டும் கீழே ரயில் பாலத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் தனுஷ்கோடி. மாலையில் அந்த வழியை மூடிவிடுவார்கள் என்பதால் காலைதான் நல்லது. குடிதண்ணீர், குடை, பிஸ்கட் எல்லாம் ராமேஸ்வரத்திலேயே எடுத்துக்கொண்டோம். இடிந்த தேவாலயத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினோம். டிக்கியில் ஒரு மடக்கு நாற்காலி வைத்திருந்தேன். கிளம்பும்போது "வீட்டையே தூக்கிட்டு வர்றியா?" என்று என் கணவர் கேலி செய்த நாற்காலி. காற்று ஆளைத் தள்ளியது. தடியை ஊன்றி நாலு எட்டு நடந்த அம்மா, அதற்குமேல் முடியாமல் நின்றார். அவரே ஓடிப்போய் நாற்காலியை எடுத்து வந்து விரித்தார்.

அம்மா ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தார். "அதோ, அங்கேதான் ஸ்டேஷன்... இந்தப் பக்கம் எங்க வீடு" என்று விரலால் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் மணல்தான் இருந்தது. அந்தத் தோழியின் பெயரை எங்களிடம் முதல் தடவையாகச் சொன்னார். கொண்டுபோயிருந்த முல்லைச் சரத்தை என் மகளிடம் கொடுத்து, அலையில் விட்டுவிட்டு வரச் சொன்னார். அழவில்லை. "தண்ணி கொடு, மாத்திரை நேரம் ஆச்சு" என்றார்.

திரும்பும்போது மதுரை, திருச்சி நெடுஞ்சாலை. திருச்சியில் ஒரு ராத்திரி தங்கினோம். ஐந்தாம் நாள் மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. அம்மாவுக்குக் கால் லேசாக வீங்கியிருந்தது. தலையணை வைத்து உயர்த்திப் படுத்ததில் இரண்டு நாளில் வடிந்துவிட்டது.

நாற்காலியை டிக்கியிலிருந்து எடுக்க என் கணவர் விடவில்லை. மாமியார் கன்னியாகுமரி பார்த்ததில்லையாம்!