பஞ்சமத்துக்குப் பக்கத்தில்

ஒரு கட்டை சுருதியில் தம்பூராவின் பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். வீட்டுக்கு வரும் மின்சாரம் 50. நான்கு டயோடுகள் வழியாக அதை டிசி ஆக்கும்போது மிஞ்சுகிற அலை 100. ஸ்பீக்கரில் இரண்டும் சந்தித்தால் விநாடிக்கு இரண்டு தரம் பஞ்சமம் நெளிகிறது. தேனி மெக்கானிக்குகள் ஹம்மிங் என்பார்கள். மற்றப் பாட்டுகளில் அது வெறும் இரைச்சல். இங்கே இன்னொரு சுருதி.

பண்ணைப்புரம் பக்கத்தில் இருப்பதால் இளையராஜாவுக்காகத்தான் இந்தப் பாடு என்று நண்பர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லை. அப்பா விட்டுப்போன ஒரு கச்சேரி எல்.பி. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்பூரா மட்டும் நிற்கும், அதைக் கேள் என்பார். எனக்குக் கேட்டதெல்லாம் லோயர் கேம்பில் சுற்றும் டர்பைன்தான்.

திராட்சைத் தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கினால் எங்கள் பல்பு மங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை 317 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் சுலபமாகச் சமாளித்துவிடும். அதன் காரியம் ஏறக்குறைய விமர்சகனுடையது. உள்ளே 1.25 வோல்ட் என்று ஓர் அளவுகோல். வெளியே போவதை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறது. சிக்கல், அந்த அளவுகோலே லேசாக இரைகிறது. 15 வோல்ட் வேண்டுமென்றால் 12 மடங்கு பெருக்குகிறது, இரைச்சலையும் சேர்த்து. (1.25-ஐ வைத்துக்கொண்டு 15-ல் பேசுகிறவர்கள் நம்மிடையே இல்லையா என்ன.) அட்ஜஸ்ட் காலுக்கும் தரைக்கும் இடையில் 10 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒன்றைக் கட்டினால், நிலையான வோல்ட் மட்டும் பெருகும், அசைவது பெருகாது. தயாரிப்பாளர் கணக்குப்படி ஹம்மிங்கைத் தடுப்பது 65 டெசிபலிலிருந்து 80 ஆகிறது. ஐந்தரை மடங்கு குறைவு. இதுவும் போதாது. எல்.பி.யில் கீழ் ஸ்வரங்களை ஒடுக்கிப் பதிவதால், ப்ரீஆம்ப் 100 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிட நாலரை மடங்கு தூக்குகிறது. டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்தேன். எர்த் கம்பிகளை ஒரே புள்ளியில் சேர்த்தேன்.

தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்தது 2013 டிசம்பர் 31-ல். அதற்கு முந்தைய பற்றாக்குறை நாட்களில் 50 என்பது 49-க்குச் சரிவதுண்டு. அப்போது ஹம்மிங்கும் 98 ஆகிவிடும். பஞ்சமத்தோடு பஞ்சமமாகச் சேர்ந்துகொள்ளும். அப்பாவின் காலம் அது. அவர் கேட்டது எதை என்ற சந்தேகம் சோல்டரிங் அயர்னைப் பிடித்திருக்கும்போதுதான் வந்தது.

இப்போது அந்த இடத்தில் தம்பூரா கேட்கிறது. அப்பா சொன்னதைவிட மெலிந்தது.