எதை மாற்றுவது?

பல ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினியில் புதிய விளையாட்டை ஓட்டினால், திரை திக்கித் திணறும். "வரைகலை அட்டையை மாற்றினால் போதும்" என்பார்கள் நண்பர்கள். மாணவர் கையில் இருப்பதோ தீபாவளிக்குக் கிடைத்த பணமும் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையும்தான். ஆகவே, சிம் லிம் ஸ்குவேருக்குப் புறப்படும் முன் குறை எங்கே என்று அறிவது அவசியம்.

அதைக் கணினியே சொல்லும். விளையாடும்போது விண்டோஸின் பணி மேலாளரைத் திறந்து பார்க்கலாம். வரைகலை அட்டை 100 விழுக்காட்டை நெருங்கினால், அதை மாற்றுவதே சரி. அட்டை ஓய்வாக இருந்தும் ஆட்டம் திணறினால், பெரும்பாலும் மையச் செயலிதான் பின்தங்குகிறது. அப்போது எவ்வளவு விலையுயர்ந்த அட்டை வாங்கினாலும் பயனில்லை. 8 ஜிகாபைட் நினைவகம் நிரம்பிவிட்டால், அதை 16 ஆக்கினாலே திணறல் குறையும். விளையாட்டு திறக்க நெடுநேரம் ஆனால், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகத் திடநிலை வட்டு போதும்.

பொருத்தமும் முக்கியம். டிடிஆர்5 நினைவகம் டிடிஆர்4 தாய்ப்பலகையில் பொருந்தாது. பெரிய அட்டைக்குப் பெட்டியில் இடமும் மின்வழங்கியில் போதிய திறனும் வேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. தேவையான ஒரு பாகத்தை மட்டும் மாற்றுபவர், சேமிப்பைக் காப்பதோடு நல்ல நிலையிலுள்ள மற்றப் பாகங்கள் குப்பைக்குப் போகாமலும் தடுக்கிறார். கடையில் மின்னும் புதுப் பொருளைக் கண்டதும் மனம் அலைபாயும். ஆசையையும் தேவையையும் பிரித்தறியும் பழக்கம், கணினியோடு நின்றுவிடுவதில்லை.