தெளிந்த நீரில் தூண்டில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் நாச்சியாபுரம் பக்கத்துக் கண்மாய்களில் கலங்கல் மெல்ல அடங்கும். கரையை ஒட்டிய மடையடியே ஆழம் மிகுந்த இடம். அங்கே விராலுக்குத் தூண்டிலிட்டு அமர்ந்த விடியற்காலைகள் எங்களுக்குப் பொறுமையைக் கற்பித்தன.

தெளிந்த நீரில் நாம் மீனைக் காணுமுன் மீன் நம்மைக் கண்டுவிடுகிறது. நிழல் விழுந்தாலே விலகிவிடும். மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில் அதன் பசி குறையும், வேகமும் தளரும். ஆகவே இரையை மெல்ல, விட்டுவிட்டு அசைக்க வேண்டும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றை விழுங்க அவ்வப்போது மேலே வந்தே தீரும். அந்தக் குமிழி எழும்வரை காத்திருப்பதே தூண்டில்காரனின் பாதி வேலை.

எளிதில் அகப்படும் விராலும் உண்டு. மழைக்காலத்தில் குஞ்சு பொரித்த விரால், செந்நிறக் குஞ்சுகள் திரளும் இடத்தின் கீழே காவல் நிற்கும். அருகே எதை இட்டாலும் பாய்ந்து கவ்வும். அது பசியினால் அன்று, காக்கும் வேகத்தினால். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.

நீரில் அச்செம்மை தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் செல்வது எங்கள் வழக்கம். அதனால் வெறுங்கையோடு வீடு திரும்பிய நாள்களும் உண்டு. கோடையில் நீர் வற்றி, ஊரார் ஊத்தாவும் வலையுமாகக் கண்மாயில் இறங்கும்போது, நாங்கள் விட்டுவைத்த மீன் யார் கையிலேனும் அகப்படலாம். அதில் எங்களுக்கு இழப்பில்லை. பசியைத் தூண்டிலாக்கலாம், ஓர் உயிரின் பாசத்தைத் தூண்டிலாக்குதல் தகாது.