ஓடு உழைக்கிறது, ரப்பர் உழைப்பதில்லை

ஏப்ரல் 13, 2024. ஒஹாயோ.
குளிர்காலம் முடிந்து ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரைத் திறந்தோம். சமையல் அலமாரிக்குள் அறுந்த ரிவெட் தலைகள். 1972ஆம் வருட ஓவர்லேண்டர், 27 அடி. அலுமினிய ஓடு இன்னும் பளபளக்கிறது. ஜாக்கியைச் சேசிஸில் கொடுத்துத் தூக்கினேன். "அப்பா, சக்கரம் கீழ இறங்கவே இல்லையே!" என்றாள் மகள். அதேதான். பாரம் நீங்கியதும் சக்கரத்தைத் தாங்கும் கை 22 டிகிரி அளவுக்குக் கீழே சாய வேண்டும். இது கிடைமட்டமாகவே விறைத்து நிற்கிறது.

ஏப்ரல் 14
இந்த வண்டியில் வில் பட்டை கிடையாது. குழாய்க்குள் ஓர் இரும்புத் தண்டு. அதைச் சுற்றி நெருக்கி அடைத்த ரப்பர்க் கயிறுகள். தண்டு திரும்பும்போது ரப்பர் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ரப்பர் இறுகிவிட்டால் சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக ஓட்டுக்கும் ரிவெட்டுக்கும் போகிறது. ரப்பரை உறையவைத்துத்தான் தொழிற்சாலையில் செருகுகிறார்கள். வீட்டில் அதை மட்டும் மாற்ற வழியில்லை, முழு ஆக்சிலையே மாற்ற வேண்டும்.

இரண்டு ஆக்சில்களில் ஒன்றை மட்டும் மாற்றினால் செலவு பாதிதான். அதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டை வில் வண்டிகளில் இரண்டு ஆக்சிலுக்கும் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்க நடுவில் ஓர் இணைப்பு உண்டு. இங்கே அது இல்லை. புதியதே பெரும்பாரத்தைச் சுமக்கும். இரண்டுக்கும் ஆர்டர் கொடுத்தேன். சொன்ன அளவுகள்: ஹப் முகத்துக்கு முகம் நீளம், பிராக்கெட் இடைவெளி, சாய்வுக் கோணம், தாங்கும் எடை.

மே 18
ஆக்சில்கள் வந்துவிட்டன. பழைய போல்ட்டுகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன, கிரைண்டரில் அறுத்தோம். புதியதன் அருகே வெல்டிங் கூடாது, சூடு ரப்பரைக் கெடுத்துவிடும். அதனால் பிராக்கெட்டில் போல்ட் மட்டுமே. பிரேக் ஒயர்களை முறுக்கி விடாமல் கிரிம்ப் செய்து இணைத்தோம்.

மே 19
வண்டி உயர்ந்துவிட்டது. முன்பக்கம் தாழ்ந்தால் முன் ஆக்சில்தான் அதிகம் சுமக்கும். இழுக்கும் வண்டியின் ஹிட்ச் பந்தையும் உயர்த்தி, மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன்.

மே 25
ஜாக்சன் சென்டர் பக்கம் ஓட்டினோம். இந்த வண்டிகளைச் செய்யும் ஊர். 10, 25, 50 மைலில் நிறுத்தி, டார்க் ரெஞ்சால் வீல் நட்டுகளை மறுபடி முடுக்கினேன். ரயில்வே கிராசிங் தாண்டியும் அலமாரிக் கதவுகள் மூடியே இருந்தன. அறுந்த ரிவெட்டுகளை அடுத்த வாரம் அடிக்க வேண்டும்.