முல்ஷியிலிருந்து ஒரு கடிதம்

ஹிஞ்சவடி, புனே

அன்புள்ள அண்ணா,

டிவியில் 'அந்திம்' என்கிற இந்திப் படம் பார்த்ததாகவும் சல்மான் கானின் சண்டை உனக்குப் பிடித்திருந்ததாகவும் போனில் சொன்னாய். அதற்கு மூலம், 2018 நவம்பரில் வந்த 'முல்ஷி பேட்டர்ன்' என்கிற மராத்திப் படம். அதை நீ அவசியம் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸ் இருக்கும் ஹிஞ்சவடியே முல்ஷி தாலுகாதான். அதனால் என்னால் அதை வெறும் அடிதடிப் படமாகப் பார்க்க முடியவில்லை.

கதை உனக்குத் தெரியும். நிலத்தை விற்ற விவசாயி அதே மண்ணில் வாட்ச்மேனாக நிற்கிறார், பிறகு புனே சந்தையில் மூட்டை தூக்குகிறார். மகன் ரவுடியாகிறான். இந்தியில் போலீஸ்காரர் பெரிய ஆளாகிவிட்டார். மராத்தியில் அப்பாவாக வரும் மோகன் ஜோஷியின் முகம்தான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எழுதி இயக்கிய பிரவீண் தர்டே, ரவுடிகளை அந்த ஊர்ப் பேச்சிலேயே பேச வைத்திருக்கிறார்.

இங்கே நிலத்தைக் குண்டாக் கணக்கில் சொல்வார்கள். நாற்பது குண்டா ஓர் ஏக்கர். விற்ற பணத்தில் கழுத்து நிறையத் தங்கமும் பெரிய காருமாகத் திரிகிறவனுக்கு 'குண்டா மந்திரி' என்று பெயர். படம் வந்த பிறகு அந்தப் பேச்சில் கேலி குறைந்து வருத்தம் கூடியிருக்கிறது. ஆனால் படத்தில் ரவுடியைக் கொண்டாடும் பாட்டு ஒன்று உண்டு; அதற்குக் கணபதி ஊர்வலத்தில் பையன்கள் ஆடுவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அந்த ரவுடி கடைசியில் என்ன ஆனான் என்பதை மறந்துவிட்டு ஆடுகிறார்கள். அந்தப் பாட்டை அவ்வளவு துள்ளலாகப் போட்டதில் படத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்த மண்ணுக்கு நிலம் பறிபோவது புதிதல்ல, அண்ணா. மின்சாரத்துக்காக அணை கட்ட வந்தபோது, 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் முல்ஷி விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள். ஆனாலும் அணை எழுந்தது, ஊர்கள் மூழ்கின. அன்று தண்ணீர் கொண்டுபோனது, இன்று கட்டடம் கொண்டுபோகிறது.

எங்கள் வீட்டுக்கார ஆஜியோடு (பாட்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) உட்கார்ந்துதான் படம் பார்த்தேன். அவர்களும் நிலம் விற்றவர்கள். அந்த வாட்ச்மேன் காட்சி வந்ததும், அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனார், திரும்பி வரவே இல்லை. மறுநாள் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், எதிரே இருக்கும் கார் பார்க்கிங்கைக் காட்டி, "அங்கேதான் எங்கள் கிணறு" என்றார்.

தீபாவளி லீவுக்கு இங்கே வா. சேர்ந்து பார்ப்போம். ஆஜியையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை