ஓசையும் சொல்லும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆம்பிளிபயரையும் மின்கம்பியையும் பற்றி எழுத நாம் முற்பட்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இஃது இயற்பியல் துறையினரின் பணியன்றோ என நண்பர்கள் நகைக்கவும் கூடும். ஆயினும் நம் இலக்கணம் தொடங்குவதே ஒலியில்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். அந்த அரை மாத்திரையின் அருமையை நம் இல்லத்துக் கூடத்தில் உணரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

நம் மூத்த சகோதரர் சவுதி அரேபியாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்-ஊஃபரும் அடங்கிய பெட்டிகளைக் கொண்டு வந்தார். சபராளிகள் கொண்டுவரும் பொருள்களுள் பாட்டுப் பெட்டிக்கு என்றுமே தனி இடம் உண்டு. ஆம்பிளிபயரை மட்டும் அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்நாட்டு வீடுகள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கியது 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். அதற்கென அமைந்த கருவி நம் ஊரின் 230 வோல்ட்டில் உயிர் பிழைக்காது. “தம்பி, நீ நாலு எழுத்துப் படிச்சவன். தோதா ஒரு ஆம்பிளிபயர் பார்த்து வாங்கு” என்று காக்கா பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார்.

பிள்ளைகளுக்குத் திரைப்படம் அதிர வேண்டும். நமக்கோ வேறொரு கவலை இருந்தது. உம்மாவுக்கு வயது 79. சில ஆண்டுகளாகச் செவி மந்தப்பட்டு வந்தது. மஃரிபு தொழுகைக்குப் பின் கூடத்தில் அமர்ந்து எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தவர், மெல்ல மெல்லப் பின்கட்டிலேயே இருந்துவிடலானார். தொலைக்காட்சியின் ஒலியைப் பையன் ஏற்றுவான். அடுத்த வீட்டார் சன்னலைச் சாத்துவர். உம்மா எழுந்து போய்விடுவார். ஒருநாள் காரணம் கேட்டோம். “சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது வாப்பா. என்ன சொல்றாகன்னுதான் வெளங்கல” என்றார். செவிப்பொறி ஒன்று வாங்கித் தந்திருந்தோம். கூட்டத்தில் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது என்று அதை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

இன்னுமொன்றும் உண்டு. நம் வாப்பா 1994-இல் மறைந்தார். அவர் சீறாப்புராணத்தை ஓதிப் பொருள் கூறியதை 1987-இல் ஓர் ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தோம். 60 நிமிட நாடா. டேப் ரிக்கார்டரின் சொந்த மைக்கில் பதிந்த ஒற்றைத் தடப் பதிவு. ஆண்டுக்கு ஒருமுறை, அவர் மறைந்த நாளில், உம்மா அதைக் கேட்பது வழக்கம். கடைசியாகப் போட்ட ஆண்டில் பாதியிலேயே எழுந்துவிட்டார். “இது அவுக கொரலு மாதிரியே இல்ல” என்றார். நாடா பழுதுபட்டதோ என்று அஞ்சி நாம் கேட்டுப் பார்த்தோம். நமக்குக் குரல் தெளிவாகவே இருந்தது.

முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை. பேச்சின் உரப்பு பெரும்பாலும் உயிரெழுத்துகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, ப போன்ற வல்லின மெய்கள் சிறியவை, மெலிந்தவை. அவற்றை அடையாளங்காட்டும் கூறுகள் பெரிதும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கின்றன. ஒலியை மொத்தமாக ஏற்றினால் உயிர் இடியாய் முழங்கும். மெய் அப்போதும் மறைந்தே நிற்கும். உம்மா சொன்னது முழுக்கவும் சரி. இனி நாம் தேட வேண்டியது பெருஞ்சத்தத்தை எழுப்பும் கருவி அன்று, மெய்யெழுத்தைக் கொண்டுசேர்க்கும் கருவி என்று முடிவு செய்துகொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் பயணமானோம்.

அத்தெருவில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கடையில் காட்டிய பெட்டியின் அட்டையில் 3000 வாட் என்று அச்சிட்டிருந்தனர், அருகே பி.எம்.பி.ஓ. என்னும் நான்கெழுத்து மிகச் சிறிதாக இருந்தது. கருவியைத் திருப்பிப் பின்தகட்டைப் பார்த்தோம். அது சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் 120 வாட் என்று அங்கே எழுதியிருந்தது. 120 வாங்கி 3000 கொடுக்கும் வள்ளல் கடையெழுவரிலும் இல்லை. ஒரு நொடியின் சிறு கூறில் எட்டிப் பார்க்கும் உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்டுப் போடும் எண் அது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். வாட். அதிலும் நுணுக்கம் உண்டு. ஒரு சானலை மட்டும் 1000 ஹெர்ட்ஸில் இயக்கிப் பார்த்து 130 வாட் என்று போடுவோர் உளர். இரு சானல்களை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை இயக்கி 60 வாட் என்று போடுவோரும் உளர். இரண்டாமவர் சொல்லே நம்பத்தக்கது.

கடைக்காரர் இசைமுரசு நாகூர் ஹனிபாவின் பாடலை ஒலிக்கவிட்டு “எப்படி?” என்று பெருமையாகப் பார்த்தார். ஹனிபா அவர்களின் (1925–2015) குரல் எந்த மட்டமான பெட்டியையும் பிளந்துகொண்டு வரும். அதை வைத்துப் பெட்டியை மதிப்பிடுவது பெட்டிக்குச் செய்யும் சலுகை. செய்தி வாசிப்பு ஒன்றைக் குறைந்த ஒலியில் போடச் சொன்னோம். கடைக்காரருக்கு அது உவக்கவில்லை. நமக்கு அதில்தான் கருவியின் குணம் தெரிந்தது.

எத்தனை வாட் வேண்டும் என்பதற்கு விடை வியப்பூட்டுவது. காக்கா கொண்டுவந்த ஸ்பீக்கர்களின் உணர்திறன் 87 டெசிபெல்; அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அவ்வளவு ஒலி. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல்தான். பேச்சைக் கேட்க ஒரு வாட்டே மிகை. திரைப்படத்தின் திடீர் உச்சங்களுக்காகத்தான் மிச்ச வாட்டெல்லாம். ஆற்றலை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே; செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 60 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் இடையே விலையில் இருந்த வேறுபாடு ஓர் ஆசிரியரின் ஊதியம் அஞ்சத்தக்கது. ஒலியில் இருந்த வேறுபாடு உம்மா அறியக்கூடியதன்று. சானலுக்கு 60 வாட் உள்ளதையே எடுத்தோம். ஸ்பீக்கர்கள் 8 ஓம். நடு ஸ்பீக்கர் மட்டும் 6 ஓம். ஆம்பிளிபயர் 6 ஓமைத் தாங்கும் என்று பின்தகடு உறுதி கூறியது.

டெசிபெல் என்னும் அளவுக்குப் பெயர் தந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் (1847–1922). அவருடைய தாயார் செவிப்புலன் பெரிதும் குன்றியவர். மனைவியார் குழந்தைப் பருவத்திலேயே அதை முற்றும் இழந்தவர். கேளாத இருவருக்கிடையே வாழ்ந்தவரின் பெயரால் உலகம் ஒலியை அளக்கிறது. தொலைபேசி வந்த வரலாறு சொல்லும் பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது ஏனோ?

இனிக் கம்பி. கடையில் இனாமாகத் தரும் மெல்லிய கம்பி பெரும்பாலும் 0.5 சதுர மில்லிமீட்டர் அளவினது. ஆம்பிளிபயரிலிருந்து பின்சுவர் வரை சுற்றிப் போனால் நம் கூடத்தில் 12 மீட்டர். மின்னோட்டம் போய்வர 24 மீட்டர். அவ்வளவு நீளத்திற்கு அம்மெல்லிய கம்பி ஏறக்குறைய 0.9 ஓம் தடையாகும். 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கம்பியின் தடை அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 0.4 ஓமைத் தாண்டலாகாது என்பது நடைமுறை விதி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 0.3 ஓம் அளவில் நின்றுவிடும். அதுவே போதும். ஆனால் சந்தையில் செம்பு முலாம் பூசிய அலுமினியமும் செம்பென்றே உலவுகிறது. அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நகவெட்டியால் ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். அப்படித் தெரிந்த ஒரு கடையிலிருந்து பேசாமல் இறங்கிவிட்டோம். ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று பட்டுநூல் விலை சொன்ன கடையிலிருந்தும் இறங்கினோம். இந்த நீளத்திற்குச் செவி அறியும் பயன் அதில் இல்லை.

கம்பியின் சிவப்பும் கறுப்பும் மாறலாகாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும்; தாழ்ந்த ஒலி கரையும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே புலப்படாது. 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டால் கூம்பு முன்னே வருவதும் பின்னே போவதும் கண்ணுக்குத் தெரியும். செல்லின் நேர்முனை சிவப்பைத் தொடும்போது கூம்பு முன்னே வரவேண்டும்.

இணைத்து முடித்ததும் கூடமெங்கும் “ம்ம்” என்றொரு ரீங்காரம். மெல்லெழுத்து மகரம் ஓயாமல் ஒலிப்பது போன்று இருந்தது. மின்பணியாளரை அழைத்தோம். அவர் மூன்று துளைச் செருகியைக் கழற்றினார். மூன்றாம் துளைக்குப் பின்னே கம்பியே இல்லை. கட்டிய நாள் முதல் அந்தத் துளை ஒப்புக்கு இருந்திருக்கிறது! பிள்ளைகள் ஈரக்கையோடு இரும்பு அலமாரியையும் மின்கருவியையும் தொட்டு வளர்ந்த கூடம் அது. முறையாக நில இணைப்புக் கொடுத்ததும் ரீங்காரம் பெரிதும் அடங்கியது. எஞ்சியது, ஸ்பீக்கர் கம்பியை மின்கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தாமல் பிரித்தபின் நின்றது. பாட்டுப் பெட்டி வந்திராவிடில் அத்துளையை யார் திறந்து பார்த்திருப்பர்? இரைச்சல் போகவேண்டி மூன்றாம் முனையை உடைத்துவிடுவோரும் உண்டு. உயிரோடு விளையாடும் செயல் அது.

ஐந்து ஸ்பீக்கர்களுள் உரையாடலைப் பெரும்பாலும் சுமப்பது நடுவில் இருப்பது ஒன்றே. அதைத் தொலைக்காட்சிக்குக் கீழே தரையோடு வைத்திருந்தனர். ஒரு மரத்துண்டை அடிகொடுத்து, உம்மா அமரும்போது அவர் முகத்தை நோக்குமாறு சாய்த்தோம். ஆம்பிளிபயரில் நடுச் சானலை மட்டும் 4 டெசிபெல் ஏற்றி, சப்-ஊஃபரை இறக்கினோம். மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலித்து மெய்களை விழுங்கின, சமுக்காளம் விரித்தோம். உம்மாவின் நாற்காலியை 4 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்தினோம். தொலைவு பாதியானால் திறந்தவெளிக் கணக்கில் 6 டெசிபெல் கூடும். அறைக்குள் சற்றுக் குறையும். அந்த 6 டெசிபெலைக் கடையில் வாங்கப் போனால் நான்கு மடங்கு வாட் கேட்பர்.

பின்பு வாப்பாவின் நாடாவைப் போட்டோம். இரு தடங்களிலும் ஒன்றுபோல் வரும் ஒலியை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும் முறை ஆம்பிளிபயரில் உண்டு. ஒற்றைத் தடப் பதிவாதலால் வாப்பாவின் குரல் முழுதும் அந்த ஒரு பெட்டியிலிருந்தே, எதிரே அமர்ந்து ஓதுவது போல வந்தது. அடுத்த வீட்டுச் சன்னல் திறந்தே இருந்தது. அவ்வளவு தாழ்ந்த ஒலிதான். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் கையுயர்த்தி நிறுத்தச் சொன்னார். குரல் மாறித் தெரிகிறதோ என்று நாம் பதறினோம். “அந்த எடத்துல ஒரு சொல்ல முழுங்கிட்டாக. எப்பவும் அப்படித்தான், எத்தன தடவ சொல்லியிருக்கேன்” என்றார். மீண்டும் பின்னோட்டிப் போட்டோம். வாப்பா அந்தச் சொல்லின் ஈற்று மெய்யை உண்மையிலேயே விழுங்கியிருந்தார். இத்தனை ஆண்டுகளில் நாம் அதைக் கவனித்ததே இல்லை.

நாடாவைப் பையன் கணினியில் ஏற்றி மூன்று படிகள் எடுத்து வைத்திருக்கிறான். உம்மா இப்போது மஃரிபுக்குப் பின் கூடத்திலேயே இருக்கிறார். செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பைப் பற்றி நம்மிடம் புகார் சொல்வதும் உண்டு. பின்சுவருக்கான இரு ஸ்பீக்கர்களும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. பையனின் தேர்வு முடிந்ததும் கம்பி இழுக்கலாம் என்று காக்கா சொல்லியிருக்கிறார்.