சுப்பாராவும் மேற்கோள் கணக்கும்

ஆராய்ச்சியாளரின் பயோடேட்டா என்றாலே இப்போது எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்பதுதான் பேச்சு. எனக்கு உடனே எல்லப்பிரகட சுப்பாராவ் ஞாபகம் வந்துவிடுவார்.

நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1925-ல், ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்க ஒரு முறை சொன்னார். கரைசல் நீலமாகும்; நீலம் கூடக்கூட பாஸ்பரஸ் கூடுதல், அவ்வளவுதான். அதை அன்றாடம் பயன்படுத்திய ஆய்வகங்கள் அந்தக் கட்டுரைக்குப் பல்லாயிரம் மேற்கோள்களைக் குவித்தன. ஆனாலும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை!

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு உருவாக்கியதுதான் மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் கொடுக்கிறார்கள். மருந்துச் சீட்டுகளை எந்த மேற்கோள் பட்டியலும் எண்ணுவதில்லை.

செய்முறைக் கட்டுரைகளுக்கு எப்போதுமே மேற்கோள் குவியும் யோகம் உண்டு. புரதத்தை அளக்க லோரி 1951-ல் எழுதியது 3 லட்சம் மேற்கோள்களைத் தாண்டிவிட்டது. அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்பதையும் மறைக்கவில்லை மனுஷன்.